மெழுகில் ஒரு பக்கமுகம்: புடைப்புருவம் செய்யும் முறை

புகைப்படம் பரவுவதற்கு முன் ஐரோப்பாவில், ஒருவரின் முகத்தை உள்ளங்கை அளவில் மெழுகில் புடைப்பாக வடித்துக் கண்ணாடிச் சட்டத்துள் மாட்டி வைப்பது வசதி படைத்தோரின் வழக்கமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் என்ற ஐரோப்பிய அரச மரபின் அவைக்காகப் பதக்கங்கள் செய்த அந்தோனியோ அபோந்தியோ வண்ண மெழுகிலும் உருவங்கள் வடித்தார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஐசக் கொசெட் (1713–1799) ஒரே வெளிர்நிற மெழுகில் அடக்கமாகச் செய்தார். அவருக்கு இளையவரான சாமுவேல் பெர்சி வண்ணங்களோடு ஆழமான புடைப்புகளைச் செய்தார். புதிதாகத் தொடங்குபவர் கொசெட்டின் வழியில் செல்வதே நல்லது. நிறம் மறைத்துவிடும் பிழைகளை ஒற்றை நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளுத்த தேன்மெழுகு 100 கிராம் எடுத்து, நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகுவதால் அதற்கு மேல் சூடு தேவையில்லை. வளைந்துகொடுக்கச் சில துளி ஆலிவ் எண்ணெயும், ஒளி ஊடுருவாதிருக்கச் சிறிது வெள்ளை நிறமிப்பொடியும் கலக்க வேண்டும். அக்காலத்தவர் ஈயவெள்ளையைப் பயன்படுத்தினர். அது நஞ்சு என்பதால் டைட்டானியம் வெள்ளையே போதும்.

சிலேட்டுப் பலகையில் பக்கமுகத்தின் வெளிக்கோட்டை வரைந்து, அதற்குள் மெல்லிய மெழுகுத் தகட்டை ஒட்டி, வெதுவெதுப்பான நீரில் இளகவைத்த சிறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து உயர்த்த வேண்டும். பத்து சென்டிமீட்டர் உயர உருவத்துக்கு ஒரு சென்டிமீட்டர் புடைப்பே தாராளம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நேர்முகத்தில் மூக்கே எடுப்பாக நிற்பதால், பக்கமுகத்திலும் அதையே உயர்த்திவிடுகிறார்கள். உண்மையில் நெற்றியும் மூக்கும் உதடும் பலகையை நோக்கிச் சரியும் விளிம்புகளே. நம் பக்கம் எழுந்து நிற்பவை கன்ன எலும்பும், காதை ஒட்டிய முடியும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தோளும்தான்.

கண்ணும் அப்படியே. பக்கத்திலிருந்து பார்த்தால் அது மீன் வடிவில் இருக்காது. படுக்கவைத்த ஆப்பு போல முன்புறம் அகன்று, பின்புறம் கூராக முடியும். மேலிமை கீழிமையைவிடச் சற்று முன்தள்ளி நிற்கும். அந்த ஒரு மயிரிழை நிழல் விழாவிட்டால் பார்வையில் உயிர் இராது. ஆகவே விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, நிழலைப் பார்த்தே திருத்த வேண்டும். மூங்கில் குச்சியைச் சீவிய கருவியே இதற்குப் போதும். முனையை அவ்வப்போது நீரில் நனைத்தால் மெழுகு ஒட்டாது.

பிரதிகள் வேண்டுமானால் பிளாஸ்டர் ஆப் பாரிஸில் அச்சு எடுக்கலாம். காதின் பின்புறம் போன்ற உட்குழிவுகள் அச்சைக் கவ்விக்கொள்ளும் என்பதால் அவற்றை முன்கூட்டியே நிரப்பிவிட வேண்டும். முதல் பூச்சைத் தூரிகையால் தடவினால் குமிழிகள் தங்கா. அச்சு இறுகியபின் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேல்நீரை ஒற்றியெடுத்துவிட்டு, உருகிய மெழுகை விளிம்பில் படலம் கட்டத் தொடங்கும் தறுவாயில் ஊற்ற வேண்டும். இறுகியதும் அவசரப்படாமல் முழுவதும் ஆறவிட்டே பிரிக்க வேண்டும்.

வெர்சாய் அரண்மனையில் உள்ள பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயியின் மெழுகுப் புடைப்புருவத்துக்கு, 1705ஆம் ஆண்டளவில் அதைச் செய்த அந்துவான் பெனுவா பொய்முடியும் கண்ணாடிக் கண்ணும் துணியும் சேர்த்தார். அது வியக்கவைக்கிறது, ஆனால் எனக்கு அது அரசரைவிட அவருடைய உடைமைகளையே அதிகம் நினைவூட்டுகிறது.

முடிந்த உருவத்தைக் கருநிறப் பின்னணியில் ஒட்டி, மேற்கண்ணாடி மெழுகைத் தொடாதபடி ஆழமான சட்டத்தில் அடைத்து, வெயில் படாத உட்சுவரில் மாட்ட வேண்டும்.