துபாய் பயணம்: நேரக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

அத்தான் முதல் தடவை துபாய்க்குக் கிளம்பியபோது டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 00.40 என்று இருந்தது. 15-ஆம் தேதி ராத்திரி என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அன்று பகல் முழுக்கப் பெட்டி கட்டினோம். நேந்திரங்காய் சிப்ஸ் நொறுங்காமல் இருக்க, கைலிக்கு நடுவில் அத்தை சுருட்டி வைத்தார். சாயங்காலம் தக்கலையிலிருந்து கார் பிடித்து திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தால், விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. 14 முடிந்து 15 பிறந்த நாற்பதாவது நிமிடம்தான் அந்த 00.40. டிக்கெட் வட்டிக்கு வாங்கிய காசு. அத்தை அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்புகின்றன. நேரம் 00, 01, 02 என்று தொடங்கினால், காலண்டரில் முந்தின நாளை வட்டம் போட்டு, 'பொழுது சாய்ந்ததும் கிளம்பணும்' என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்ப்பது. காலை 10 மணிக்கு ஏறி 12.45-க்கு துபாயில் இறங்குவதாகப் போட்டிருந்தால், இரண்டே முக்கால் மணி நேரம் என்று தோன்றும். துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஆகவே பயணம் நாலேகால் மணி நேரம். திரும்பும்போது தலைகீழ். இரவு 10-க்கு ஏறி அதிகாலை 3.15-க்கு இறங்கினால், பயணம் மூன்றேமுக்கால் மணி நேரம்தான். குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று, வரும்போது தள்ளிவிடும், போகும்போது தடுக்கும்.

தூரத்தை வேகத்தால் வகுத்தும் சிலர் கணக்குப் போடுவார்கள். திருவனந்தபுரம்–துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர். 850 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரம்கூட வராது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க இடத்துக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் விட்டுப்போகும். இறங்கும் இடத்தில் ஆள் வரச் சொல்ல, டிக்கெட்டில் உள்ள நேரமே போதும்.

சரி, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள். மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்க வேண்டும். 00.40 விமானம் என்றால் முந்தின நாள் சாயங்காலம் 7 மணிக்கே வண்டியில் ஏறிவிட வேண்டும். டிரைவரிடம் சாக்கை பக்கமுள்ள பன்னாட்டு டெர்மினல் என்று சொல்லுங்கள். சங்குமுகத்தில் இருப்பது உள்நாட்டு டெர்மினல், ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். தவறிப் போனால் சுற்றித்தான் வர வேண்டும்.

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் (சாமியை நீராட்டக் கொண்டுபோவது) அந்த ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அந்த இரண்டு நாளும் சில மணி நேரம் விமானங்கள் ஓடாது, நேரம் மாறும். உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.