அலுவலக அஞ்சல் வேறு, சொந்த அஞ்சல் வேறு: மின்னஞ்சலை முறையாகக் கையாளத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

நம்மில் பலருக்கு முதல் மின்னஞ்சல் முகவரி ஏதோ ஒரு விண்ணப்பத்திற்காகவே உருவானது. கல்லூரிச் சேர்க்கைக்கோ, டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுக்கோ, பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கப் பிரவுசிங் சென்டருக்குப் போனபோது, அங்கிருந்தவரே ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லையும் அவரே வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார். பிறகு அதே முகவரி வங்கிக்கும், வருமான வரிக்கும், வருங்கால வைப்பு நிதிக்கும், வேலைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். மறந்துபோன கடவுச்சொற்களை மாற்றுவதற்கான இணைப்புகள் அந்த முகவரிக்குத்தான் வருகின்றன என்பதால், அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவரால் மற்றக் கணக்குகளையும் கைப்பற்ற முடியும். எனவே அஞ்சல் எழுதும் முறைக்கு முன்பாக, கணக்கைச் சீர்ப்படுத்தும் வேலையிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலோர் பயன்படுத்துவது ஜிமெயில் என்பதால் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றச் சேவைகளிலும் இதே வசதிகள் சற்று வேறு பெயர்களில் இருக்கும்.

படி 1: கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்

ஜிமெயில் செயலியின் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, கூகுள் கணக்குப் பக்கத்திற்குச் சென்று, பாதுகாப்பு என்ற பகுதியைத் திறவுங்கள். கணக்கை மீட்பதற்கான கைப்பேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் அங்கே பதிவாகியிருக்கும். அந்த எண் உங்களுடையதுதானா, இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவரின் எண்ணோ, நீங்கள் கைவிட்ட பழைய எண்ணோ இருந்தால் உடனே மாற்றுங்கள். இந்தியாவில் செயலிழந்த கைப்பேசி எண், 90 நாட்கள் கழிந்த பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். அதன்பின் உங்களுக்கு வரவேண்டிய ஓடிபி அவருக்குப் போகும்.

அடுத்துக் கடவுச்சொல்லை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். கடவுச்சொல் வெளியே தெரிந்துபோனாலும் உங்கள் கைப்பேசி இல்லாமல் புதிய கருவியில் எவரும் எளிதில் நுழைய முடியாதபடி இது தடுக்கும். அதே பகுதியில், கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாத கணினியோ விற்றுவிட்ட பழைய கைப்பேசியோ அதில் இருந்தால், அதிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து பின்பற்றுகிறது. ஓய்வூதியத்திற்காகவோ காப்பீட்டுக்காகவோ பெற்றோர் பெயரில் தொடங்கிக் கொடுத்த கணக்குகள் வீட்டில் இருந்தால், அவற்றையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

படி 2: இரண்டு முகவரிகளை வைத்துக்கொள்ளுங்கள்

நிறுவனம் தரும் முகவரி நிறுவனத்தின் உடைமை. வேலையை விட்டு விலகும் நாளிலேயே அது மூடப்படலாம். அதில் உள்ள அஞ்சல்களைப் பார்க்கும் வழியும் நிர்வாகத்திற்கு உண்டு. ஆகவே வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, வருமான வரி, காப்பீடு, பிள்ளைகளின் பள்ளி ஆகிய எதற்கும் அலுவலக முகவரியைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், வேலையில் இருக்கும்போதே சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். பல தளங்களில் முகவரியை மாற்றப் பழைய முகவரிக்கும் ஒரு ஓடிபி வரும் என்பதால், விலகிய பிறகு இந்த வேலை மிகவும் கடினமாகிவிடும்.

சிறு தொழில் செய்பவர்களும் கடைக்காரர்களும் இதையே பின்பற்றலாம். ரசீதுகளும் விலைப்புள்ளிகளும் வருவதற்குத் தொழிலின் பெயரில் ஒரு முகவரியும், குடும்பத்திற்கென ஒரு முகவரியும் இருந்தால், கணக்காளரிடமோ உதவியாளரிடமோ தொழில் முகவரியை ஒப்படைக்க நேரும்போது குடும்பத்தின் மருத்துவ அறிக்கைகளும் சேர்ந்து போய்விடாது.

புதிய முகவரிக்கு உங்கள் பெயரையே தேர்ந்தெடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். ஜிமெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் வரும் புள்ளிகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. புள்ளி வைத்தாலும் விட்டாலும் அஞ்சல் உங்களுக்கே வரும்.

படி 3: எழுதும் முறை

மின்னஞ்சலைப் பெறுபவர், படித்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று உங்களைத் திரும்பக் கேட்க வேண்டிய தேவை இருக்கக்கூடாது. எழுதி முடித்ததும் இந்த ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் "ஹலோ", "ஒரு விஷயம்", "பில் பத்தி" என்று மூன்று துண்டுகளாக அனுப்பிப் பழகிய கை, மின்னஞ்சலிலும் அப்படியே எழுதப் பார்க்கும். மின்னஞ்சலில் செய்தி முழுவதும் ஒரே அஞ்சலில் இருக்க வேண்டும்.

பொருள் வரியை வெறுமையாக விடாதீர்கள். "அவசரம்" என்று மட்டும் எழுதுவதும் பயன் தராது. நம் பள்ளிக் கடிதங்களில் "பொருள்:" என்று எழுதிப் பழகிய வரியேதான் இது. எந்தச் செய்தி, எந்த நாள் அல்லது எண், என்ன வேண்டும் ஆகிய மூன்றும் அதில் அடங்கினால், ஆறு மாதம் கழித்துத் தேடும்போதும் அஞ்சல் கிடைத்துவிடும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

பொருள்: ஆகஸ்ட் மாத பில் எண் 212 – தொகை வேறுபாடு குறித்த விளக்கம் வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா,

ஆகஸ்ட் 8 அன்று தாங்கள் அனுப்பிய பில் எண் 212இல் 40 பெட்டிகளுக்கான தொகை குறிப்பிடப்பட்டுள்ளது. எங்களுக்கு வந்து சேர்ந்தவை 36 பெட்டிகள். டெலிவரி சலானின் நகலை இணைத்துள்ளேன். சரிபார்த்து, திருத்திய பில்லை ஆகஸ்ட் 20க்குள் அனுப்பினால், இம்மாதக் கணக்கிலேயே தொகையைச் செலுத்திவிட முடியும்.

நன்றியுடன்,
பெயர், பொறுப்பு, நிறுவனம், கைப்பேசி எண்

நலம் விசாரிப்பும் நீண்ட முன்னுரையும் இதில் இல்லை. ஆனாலும் மரியாதை குறையவில்லை. நாளும் எண்ணும் காரணமும் இருப்பதால், படிப்பவர் யாரிடமும் விசாரிக்காமல் வேலையைத் தொடங்கலாம். ஒரே அஞ்சலில் பில் பற்றியும், அடுத்த மாத ஆர்டர் பற்றியும், பழைய பாக்கி பற்றியும் எழுதினால், முதல் செய்திக்கு மட்டும் பதில் வந்து மற்றவை விடுபட்டுப் போகும். அவற்றைத் தனித்தனி அஞ்சல்களாக எழுதுங்கள். பெறுபவர் தமிழ் படிப்பவராக இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். தடுமாறி எழுதிய ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழ் வேலையை விரைவாக முடிக்கும் என்பது என் உறுதியான கருத்து.

பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள். முகவரி இல்லாத அஞ்சல், விரல் தவறிப் பட்டாலும் போகாது. கணினியில் ஜிமெயிலின் செட்டிங்ஸ் பக்கத்தில், அனுப்பிய அஞ்சலைச் சில விநாடிகளுக்குள் நிறுத்திக்கொள்ள உதவும் அன்டூ சென்ட் என்ற வசதி உண்டு. வழக்கமாக 5 விநாடிகளாக இருக்கும் அந்த அவகாசத்தை 30 விநாடிகள் வரை நீட்டிக்கொள்ளலாம். கோபத்தில் எழுதிய அஞ்சலுக்கு இந்த 30 விநாடிகள் போதாது. அதை டிராஃப்ட்டில் வைத்து மறுநாள் காலையில் படித்துப் பாருங்கள். இரவு 11 மணிக்கு எழுதி முடித்த அலுவலக அஞ்சலையும் உடனே அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பும் பொத்தானுக்கு அருகில் உள்ள ஷெட்யூல் சென்ட் வழியாக மறுநாள் காலை 9 மணிக்குப் போகும்படி வைத்தால், உங்களுக்குக் கீழே பணிபுரிபவரின் இரவு கெடாது.

படி 4: யார் யாருக்கு அனுப்புவது

டூ என்ற கட்டத்தில், பதில் சொல்லவோ செயல்படவோ வேண்டியவரின் முகவரி வரும். சிசி கட்டத்தில் வருபவர் செய்தியை அறிந்திருந்தால் போதும். பிசிசி கட்டத்தில் உள்ளவர்களின் முகவரிகள் மற்றவர்களுக்குத் தெரியாது. குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூட்ட அறிவிப்பை 80 வீடுகளுக்கு அனுப்பும்போது அனைவரின் முகவரியையும் டூ கட்டத்தில் இட்டால், எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் போய்விடும். அத்தகைய அறிவிப்புகளுக்குப் பிசிசியே ஏற்றது. உடன் பணிபுரிபவர் அறியாமல் மேலாளரைப் பிசிசியில் சேர்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். மேலாளர் ஒருமுறை, அனைவருக்கும் பதில் அனுப்பும் ரிப்ளை ஆல் பொத்தானை அழுத்தினால் செய்தி வெளிப்பட்டு, நம்பிக்கை கெட்டுவிடும்.

படி 5: இணைப்புகள்

ஜிமெயிலில் இணைக்கும் கோப்புகளின் மொத்த அளவு 25 எம்பி வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் கோப்பு கூகுள் டிரைவில் சேர்ந்து, அதைத் திறப்பதற்கான லிங்க் மட்டும் அஞ்சலில் போகும். அப்போது பெறுபவருக்கு அதைத் திறக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புக்கு "ஸ்கேன் 001" என்று கணினி வைத்த பெயரை அப்படியே விடாமல், உங்கள் பெயரும் ஆவணத்தின் பெயரும் தெரியும்படி மாற்றி அனுப்புங்கள்.

ஆதார் நகலைக் கேட்கும் இடங்களில், ஏற்றுக்கொள்வார்களானால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி அனுப்புங்கள். கடவுச்சொல் இட்ட கோப்பை அனுப்பும்போது, அந்தக் கடவுச்சொல்லை அதே அஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

படி 6: படிக்கும் நேரம்

ஒவ்வோர் அஞ்சலுக்கும் கைப்பேசி ஒலிக்க வேண்டியதில்லை. செயலியின் அறிவிப்பு அமைப்பில் முக்கியமான அஞ்சல்களுக்கு மட்டும் ஒலிக்கும்படி வைத்து, வேலை நாளில் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை திறந்து பாருங்கள். உடனடியாகத் தெரிய வேண்டிய செய்தியானால் மனிதர்கள் அழைத்துப் பேசுவார்கள்.

திறந்த அஞ்சலுக்கு அப்போதே ஒரு முடிவு எடுங்கள். இரண்டு நிமிடத்தில் பதில் எழுத முடியுமானால் எழுதிவிடுங்கள். நேரம் பிடிக்கும் என்றால் நட்சத்திரக் குறியிட்டு, "பார்த்தேன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருகிறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். வேலை முடிந்ததென்றால் ஆர்க்கைவ் செய்யுங்கள். ஆர்க்கைவ் செய்த அஞ்சல் அழிவதில்லை. இன்பாக்ஸிலிருந்து மட்டும் விலகி, தேடினால் கிடைக்கும், பதில் வந்தால் தானே திரும்ப வரும். நீக்கிய அஞ்சலோ 30 நாட்களுக்குப் பிறகு முற்றிலும் அழிந்துவிடும்.

சொந்தக் கணக்கில் மின்கட்டணம், காப்பீடு, மருத்துவம், பள்ளி என்று சில லேபிள்களை உருவாக்கி, ஃபில்ட்டர் என்ற தானியங்கி விதி வழியாக அந்தந்த அஞ்சல்கள் தாமாகவே அங்கே சேரும்படி செய்யலாம். கடைகளின் விளம்பர அஞ்சல்களை நாள்தோறும் நீக்கிக்கொண்டிருப்பதைவிட, அஞ்சலின் மேலே உள்ள அன்சப்ஸ்கிரைப் பொத்தானை ஒருமுறை அழுத்துவது மேல். ஸ்பேமில் வந்து விழுந்த, அறிமுகமே இல்லாத அஞ்சல்களுக்குள் இருக்கும் அத்தகைய இணைப்பைத் தொடாதீர்கள். உங்கள் முகவரி உயிருடன் இருக்கிறது என்று அனுப்பியவருக்கு அது காட்டிக்கொடுக்கும்.

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம், ஜிமெயில், டிரைவ், புகைப்படங்கள் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில் சேர்கிறது. குடும்ப விழாக் காணொளிகளால் இடம் நிரம்பினால் புதிய அஞ்சல்கள் உங்களை வந்தடையாமல் திரும்பிப் போகும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும்.

படி 7: மோசடியை அடையாளம் காணுதல்

அஞ்சலின் மேல் தெரியும் பெயரை அனுப்புபவர் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியும். ஆகவே பெயரைத் தொட்டு முழு முகவரியையும் திறந்து, அட் குறிக்குப் பின்னால் இருப்பதை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். இந்திய அரசுத் துறைகளின் முகவரிகள் பெரும்பாலும் ஜிஓவி.இன் அல்லது என்ஐசி.இன் என்று முடியும். வங்கிகள் தங்கள் இணையதளங்களைப் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வருமான வரி திரும்பி வருகிறது, கேஒய்சி காலாவதியாகிறது, பார்சல் நிற்கிறது என்று எந்த அஞ்சல் வந்தாலும், அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், அந்தத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே சென்று பாருங்கள்.

தொழில் செய்வோருக்கு இன்னொரு வகை மோசடி உண்டு. அது கண்டுபிடிக்கக் கடினமானது. வழக்கமாகச் சரக்கு அனுப்புபவரின் கணக்கில் நுழைந்தோ, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்தோ, நடந்துகொண்டிருக்கும் பேச்சின் தொடர்ச்சியாகவே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை தொகையைப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று எழுதுவார்கள். பில் எண்ணும் தொகையும் சரியாக இருக்கும்; மொழிநடைகூடப் பழக்கமானதாகவே இருக்கும். வங்கிக் கணக்கு மாறியதாக எந்த அஞ்சல் வந்தாலும், அந்த அஞ்சலில் உள்ள எண்ணைத் தவிர்த்து, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்து, அந்த நபரின் குரலிலேயே உறுதிசெய்த பிறகுதான் பணம் அனுப்ப வேண்டும் என்பதை அலுவலக விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் எவரோ நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், கடவுச்சொல்லை மாற்றி எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுவதோடு நின்றுவிடாதீர்கள். கணினியில் ஜிமெயிலின் செட்டிங்ஸைத் திறந்து, வரும் அஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டிங் பகுதியில் உங்களுக்குத் தெரியாத முகவரி இருக்கிறதா என்றும், ஃபில்ட்டர் பகுதியில் வங்கி அஞ்சல்களை மறைக்கும்படியோ நீக்கும்படியோ விதி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கடவுச்சொல் மாறிய பிறகும் அவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மீட்பு எண்ணும் மாற்று மின்னஞ்சலும் மாற்றப்படவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். பணம் போயிருந்தால், காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைத்தோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகாரைப் பதிவு செய்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். அந்த மோசடி அஞ்சலை நீக்காமல் வைத்திருங்கள். விசாரணையில் அதுவே சான்றாகும்.