வான நிகழ்வு நாட்காட்டி: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

ஆண்டு முடியும் தறுவாயில், வரும் ஆண்டின் வான நிகழ்வுப் பட்டியல்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவத் தொடங்கிவிடும். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வானம் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர் அந்தப் பட்டியலோடு என்னிடம் வருவதுண்டு. அவர்களுள் ஒரு கல்லூரி மாணவர், போன டிசம்பரில் ஜெமினிட் எரிகல் பொழிவைப் பார்க்கக் கண்மாய்க் கரையில் விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு, முகம் வாடி வந்து நின்றார். "ராத்திரி முழுக்கக் கண்ணு மூடலண்ணே, பத்துக்கூடத் தேறல" என்றார். எந்த ராத்திரி என்று கேட்டேன். "பதினாலாம் தேதி ராத்திரிதான். பதினாலு, ரெண்டு மணின்னு போட்டிருந்துச்சே" என்றார். பதின்மூன்றாம் தேதி இரவு படுக்காமல் இருந்திருந்தால், அந்த இரண்டு மணியை அவர் பார்த்திருப்பார். அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு என்னுடைய 2018 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கைப்பேசி வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது, இருட்டுக்குக் கண் பழகுமுன் எழுந்து வந்துவிடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை இரண்டு இரவுகளில் எவரும் தாமே திருத்திக்கொள்வார்கள். நாட்காட்டியைப் படிப்பதில் நேரும் தவறுகள் அப்படிப்பட்டவை அல்ல.

ஓர் இரவுக்கு இரண்டு தேதி

2018 ஜூலை 27, வெள்ளிக்கிழமை, ஆடிப் பௌர்ணமி. அன்று நிகழவிருந்த முழுச் சந்திர கிரகணத்தின் முழு மறைப்பு 103 நிமிடம் நீடிக்கும் என்றும், இந்த நூற்றாண்டில் அதைவிட நீண்டது வேறு இல்லை என்றும் ஓராண்டுக்கு முன்பிருந்தே படித்துக் காத்திருந்தேன். செவ்வாய்க் கோளும் அதே நாளில் சூரியனுக்கு நேர் எதிரே வந்து, மிகப் பிரகாசமாகச் சந்திரனுக்கு அருகிலேயே நிற்கப்போகிறது என்பது கூடுதல் மகிழ்ச்சி. நான் வைத்திருந்த பட்டியல் உலகப் பொது நேரத்தில் (UTC, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது) இருந்தது. முழு மறைப்பு 27 ஆம் தேதி 19:30-க்குத் தொடங்கி 21:13-க்கு முடிவதாகப் போட்டிருந்தார்கள். ஐந்தரை மணி நேரம் கூட்டினேன். 28 ஆம் தேதி 1:00 முதல் 2:43 வரை. கணக்கில் பிழையே இல்லை. தினசரிக் காலண்டரில் 28 ஆம் தேதித் தாளைப் புரட்டி எடுத்து, அதன் ஓரத்தில் சிவப்பு மையால் "கிரகணம், இரவு 1 மணி" என்று எழுதி வைத்தேன். நான் செய்த தவறு "இரவு" என்ற அந்த ஒரு சொல்தான்.

அந்தத் தாள் சனிக்கிழமைத் தாள். சனிக்கிழமைத் தாளில் இரவு என்று எழுதினால், நம் மனம் அதைச் சனிக்கிழமை மாலைக்குப் பின் வருகிற இரவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். தெருவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு மாடிக்கு வரும்படி சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கெல்லாம், மறுநாள் கண்விழிக்க வேண்டும் என்பதற்காகவே முன்கூட்டிப் படுத்துத் தூங்கிவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு முகப்புக் கதவைத் திறந்தபோது, எதிர்வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டு மணிக்குக் கொல்லைப்பக்கம் போனேன், நிலா செம்புச் சட்டி மாதிரி நின்னுச்சே, நீங்க பாக்கலையா?" என்று கேட்டார்கள். ஓடிப்போய் மாடியில் ஏறிப் பார்த்தேன். மேற்கே சந்திரன் முழு வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இடப்புறம் செவ்வாய் சிவந்து நின்றது. கிரகணம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று மாலை ஒவ்வொரு வீடாகப் போய் அந்தப் பிள்ளைகளிடம் வர வேண்டாம் என்று சொன்னேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை நினைத்தால் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது.

நமக்கு இந்தத் தவறு எளிதாக நேர்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிவது. பஞ்சாங்கமும் அப்படித்தான் கணக்கிடுகிறது. வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி இரண்டு மணியானாலும் எங்கள் அப்பத்தாவுக்கு அது வெள்ளிக்கிழமைதான், விடிந்தால்தான் சனி. கார்த்திகைத் தீபம் கழிந்த 21 ஆம் நாள், சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற வேளை பார்த்துப் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் நகரத்தார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அந்த வேளை எத்தனை மணிக்கு முடிகிறது என்று துல்லியமாகப் பார்ப்பது புதிதல்ல. ஆனால் அச்சடித்த வானியல் பட்டியலில் நாள் நள்ளிரவில் மாறுகிறது. அதுவும் உலகப் பொது நேரமாக இருந்தால், நம் கடிகாரத்தில் காலை ஐந்தரைக்கு மாறுகிறது. ஆக, நாள் தொடங்குவதற்கு மூன்று வெவ்வேறு கணக்குகள் நம் கையில் இருக்கின்றன. தேதியை மட்டும் குறித்துக்கொள்பவர், இவற்றுள் எந்தக் கணக்கின்படி அந்தத் தேதி சொல்லப்பட்டது என்பதை இழந்துவிடுகிறார்.

அந்த ஆண்டுக்குப் பிறகு நான் ஒற்றைத் தேதியாக எதையும் எழுதுவதில்லை. "வெள்ளி இரவு – சனி விடியல்" என்று இரண்டு கிழமைகளையும் சேர்த்து எழுதி, அதன் பிறகே மணியைக் குறிக்கிறேன். நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்துக்கு "இரவு" என்ற சொல்லை எழுதுவதே இல்லை. "பின்னிரவு" என்றோ "விடியற்காலை" என்றோதான் எழுதுகிறேன். காலண்டரில் குறிப்பதானால், விழித்திருக்க வேண்டிய மாலை எந்தத் தாளில் இருக்கிறதோ அந்தத் தாளில் குறிக்கிறேன். 2025 செப்டம்பர் 7 ஆம் தேதி, ஞாயிறு இரவு நடந்த முழுச் சந்திர கிரகணத்தில் முழு மறைப்பு 11:01-க்குத் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டி 12:23 வரை நீடித்தது. அதை "ஞாயிறு இரவு – திங்கள் விடியல்" என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருவரும் நாள் மாறி வரவில்லை.

இதோடு ஒட்டிய இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருக்கும்போது மறுபடியும் ஐந்தரை மணி கூட்டுபவர்கள் உண்டு. அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரத்தில் உள்ள பட்டியலுக்கும் ஐந்தரையையே கூட்டுபவர்களும் உண்டு. பின்னதற்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது ஒன்பதரை மணி கூட்ட வேண்டும். பட்டியலின் அடியில் எந்த நேரம் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எழுதியிராத பட்டியலை வைத்துக்கொண்டு இரவில் விழிக்காதீர்கள்.

மேலும், நிகழ்வு நடக்கும் கணம் வேறு, நாம் அதைப் பார்க்கக்கூடிய நேரம் வேறு. 2020 டிசம்பர் 21 ஆம் தேதி வியாழனும் சனியும் பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கி வந்தன. மிக நெருங்கிய கணம் நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி வந்தது. அதைப் படித்துவிட்டுப் பதினொன்றரை மணிக்கு மாடியேறியவர்களை நான் அறிவேன். அந்த இரு கோள்களும் எட்டரைக்கு முன்பே தென்மேற்கில் மறைந்துவிட்டன. சூரியன் மறைந்த இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சி கிடைத்தது.

நம் ஊரில் தெரியுமா என்று பார்க்காமல் குறித்துக்கொள்வது

2026 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 3 ஆம் தேதி முழுச் சந்திர கிரகணம் என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். ஆனால் முழு மறைப்பு நம் நேரப்படி மாலை 4:34 முதல் 5:33 வரை. காரைக்குடியில் சந்திரன் எழுவதே ஆறு மணி தாண்டித்தான். 6:47-க்குப் பகுதி கிரகணமும் முடிகிறது. ஆகவே, கிழக்கு அடிவானம் மறைப்பில்லாத இடத்தில் நின்றால், விளிம்பு மங்கிய சந்திரன் எழுவதை ஏறத்தாழ இருபது நிமிடம் பார்க்கலாம். மாடி வீடுகளுக்கு நடுவே நின்றால் அதுவும் இல்லை. அதே ஆண்டின் ஆகஸ்ட் 12 முழுச் சூரிய கிரகணம் இந்தியாவில் தெரியாது. ஆகஸ்ட் 28 பகுதிச் சந்திர கிரகணம் நமக்குப் பகலில் வருகிறது.

வெளிநாட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் வடக்கே நாற்பது பாகை அளவில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நாம் இருப்பது வடக்கே பத்துப் பாகையில். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை; துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து அந்த ஒரு முட்டி உயரத்தில்தான் நிற்கும். அவர்கள் கொண்டாடும் ஆகஸ்ட் மாதப் பெர்சீட் பொழிவு நமக்குச் சுமாரானதே. எரிகற்கள் புறப்படுவதுபோலத் தோன்றும் புள்ளி பின்னிரவு முழுதும் வடகிழக்கில் தாழ்வாகவே நின்று, விடியும்போதுகூட வானத்தின் பாதி உயரத்தை எட்டாது. மாறாக, அவர்கள் ஒரு வரியில் கடந்துவிடும் மே மாத ஈட்டா அக்குவாரிட் பொழிவு நமக்கு நல்ல காட்சி. ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற துகள்கள் அவை. மே 5, 6 தேதிகளை ஒட்டி, பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் கிழக்கு நோக்கி உட்காருங்கள். திரிசங்கு (தென்சிலுவை), அகத்தியர் விண்மீன் (கனோபஸ்), ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து ஆகியவை அந்தப் பட்டியல்களில் இடம்பெறுவதே அரிது. மே மாத முன்னிரவில் திரிசங்கு நம் தெற்கு வானில் இரண்டு முட்டி உயரத்தில் நேராக நிற்கும்.

கொல்கத்தாவில் உள்ள நிலை வானியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் இராஷ்ட்ரிய பஞ்சாங்கம் தமிழிலும் வருகிறது. இந்திய நேரத்திலேயே இருப்பதால், கிரகணங்களுக்கு நான் அதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே குறித்துக்கொள்கிறேன்.

வளவுக்குள் நின்று பார்ப்பது

செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது நடுமுற்றத்தில், பாய் விரித்துப் படுத்து வானம் பார்ப்பது சுகமானதுதான். ஆனால் நான்கு பக்கத் தாழ்வாரமும் மாடிச் சுவரும் அடைத்துவிட்டால், மிஞ்சுவது உச்சிக்கு நேரே ஒரு செவ்வக வானம். மாலையில் மறையும் புதன், எழும் சந்திரன், வால்நட்சத்திரம் எல்லாம் பெரும்பாலும் அடிவானத்தை ஒட்டியே நிகழ்பவை. ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்குப் போய்விடுங்கள். பகலிலேயே ஒருமுறை போய்த் திசையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

"மணிக்கு 120" என்பதை நம்புவது

எரிகல் பொழிவுக்கு மணிக்கு இத்தனை என்று பட்டியல் போடும் எண், எரிகற்கள் புறப்படும் புள்ளி தலைக்கு நேர் மேலே இருந்து, வானம் மிக மங்கிய நட்சத்திரங்களும் தெரியும் அளவுக்கு இருண்டிருந்தால் ஒருவர் எண்ணக்கூடியது. தெருவிளக்குகளுக்கு நடுவே அதில் கால் பங்கு கிடைத்தாலே அதிகம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்த எண்ணை அவர்களிடம் சொல்லவே வேண்டாம். நூறு என்று கேட்டு வந்த குழந்தைக்கு இருபது ஏமாற்றமாகிவிடும். எதுவும் சொல்லாமல் கூட்டிப்போன குழந்தை முதல் எரிகல்லுக்கே கத்தும்.

நிலவை மறப்பது

நிலவொளியில் மங்கலான எரிகற்கள் தெரியாமல் போகும் என்பதால், பொழிவின் தேதிக்குப் பக்கத்தில் அன்றைய திதியையும் எழுதுங்கள்.

சூப்பர் மூன்

சந்திரன் பூமிக்கு அருகில் இருக்கும்போது வரும் பௌர்ணமியைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். சாதாரணப் பௌர்ணமியிலிருந்து அதை வெறுங்கண்ணால் வேறுபடுத்த முடியாது.

நிலவளவு பெரிதாகும் செவ்வாய்

செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியும் என்று பரவும் செய்தி பொய். அப்படி ஒருபோதும் நேராது.

பெயர்ச்சி நாளில் வானத்தைப் பார்ப்பது

குருப்பெயர்ச்சியன்று வியாழனில் என்ன மாற்றம் தெரியும் என்று கேட்கிறார்கள். வியாழன் ராசி மண்டலத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே இரவில் அதன் நகர்வு கண்ணுக்குத் தெரியாது. மேலைநாட்டுப் பட்டியலில் சூரியன் மேஷத்துக்குள் வருவது மார்ச் 20 அல்லது 21. நமக்குச் சித்திரை முதல் நாள். இடையில் ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு உண்டு. ஒரு பட்டியலின் ராசிப் பெயரை வைத்து மற்றொன்றின்படி தேடாதீர்கள்.

வால்நட்சத்திரத்துக்கு ஓராண்டு முன்பே நாள் குறிப்பது

2012 இல் கண்டறியப்பட்ட ஐசான் வால்நட்சத்திரம் நிலவைப் போல ஒளிரும் என்றுகூட அடுத்த ஆண்டுக்கான அறிவிப்புகளில் வந்தது. 2013 நவம்பர் 28 அன்று சூரியனை நெருங்கிய அது சிதைந்துபோனது. கிரகணத்தை நொடி பிசகாமல் கணிக்க முடிகிறது. வால்நட்சத்திரத்தின் பாதையையும் கணிக்க முடிகிறது. அதன் ஒளி எவ்வளவு இருக்கும் என்பதை அப்படிக் கணிக்க முடிவதில்லை. பெயரை மட்டும் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு, அந்த வாரத்தில் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டபின் கிளம்புங்கள்.

ஒரே இரவை நம்பியிருப்பது

அக்டோபரில் ஓரியானிட், நவம்பரில் லியோனிட், டிசம்பரில் ஜெமினிட் என்று ஆண்டின் பிற்பகுதிப் பொழிவுகள் மூன்றும் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன. உச்ச இரவு என்று பட்டியல் சொல்லும் நாளில் ஐப்பசி, கார்த்திகை மேகம் வழிவிடும் என்று எந்த உறுதியும் இல்லை. ஆனால் மழை விட்ட இரவில் காற்றில் தூசியே இருப்பதில்லை. கோடையில் காணாத மங்கல் நட்சத்திரங்கள் அப்போது தெரியும். ஆகவே ஜெமினிட்டுக்கு 12, 13 ஆகிய இரண்டு மாலைகளையும் ஒதுக்கி வையுங்கள். உச்சத்துக்குப் பிறகு அந்தப் பொழிவு விரைந்து குறைந்துவிடுவதால், ஒரு நாள் முந்திப் போனாலும் கணிசமாகப் பார்க்கலாம். ஒரு நாள் பிந்திப் போனால் அந்த மாணவர் உட்கார்ந்திருந்ததைப் போல உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முன்னிரவு எட்டு மணிக்கே புள்ளி கிழக்கில் எழுந்துவிடும். பின்னிரவு இரண்டு மணிக்கு உச்சியை ஒட்டி நிற்கும். அவருடைய குறிப்பேட்டில் இந்த ஆண்டுக்கு "ஞாயிறு இரவு – திங்கள் விடியல்" என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்தேன்.