ஆன்லைனில் கல்லூரி எழுத்து வகுப்பு: சிலபஸிலிருந்து கடைசிக் கட்டுரை வரை

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்த முதல் வருடமே பலரும் எடுக்க வேண்டியிருக்கும், கட்டுரை எழுதப் பழகும் பாடம் இது. ஆன்லைனில் எடுப்பவர்களில் நிறையப் பேர் "எழுதத்தானே போகிறோம், வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்" என்றுதான் வருகிறார்கள். முடிக்கலாம்தான். ஆனால் நேரடி வகுப்பில் ஆசிரியர் வாயால் சொல்லிவிட்டுப் போகிற விஷயமெல்லாம் இங்கே எழுத்தாக வரும், உங்கள் சந்தேகமும் எழுத்தாகத்தான் போகும், ஆக வகுப்பு முழுவதுமே வாசிப்பும் எழுத்தும்தான். அதற்குத் தயாராக வந்தால் நிச்சயம் நன்றாக வரும். எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்போம்.

1. சிலபஸை முதல் நாளே இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை சும்மா படியுங்கள். இரண்டாவது முறை காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டெட்லைனையும் அதில் ஏற்றிக்கொண்டே படியுங்கள். டிராஃப்டுக்கு ஒரு தேதி, சக மாணவர் கருத்துக்கு ஒரு தேதி, இறுதிக் கட்டுரைக்கு ஒரு தேதி என்று ஒரே கட்டுரைக்கு மூன்று தேதிகள் இருக்கும், கடைசித் தேதியை மட்டும் குறித்துவைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரவு 11:59 என்று போட்டிருந்தால் அது யாருடைய நேரம் என்று பாருங்கள், வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்களுக்கு அது முக்கியம். தாமதமானால் எவ்வளவு மதிப்பெண் போகும், நேரலை வகுப்பு உண்டா, ஏஐ கருவிகளைப் பற்றி என்ன விதி என்பதையும் தேடிப் பிடியுங்கள். ஏஐ விதி ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், இன்னொரு வகுப்பில் அனுமதித்தார்கள் என்பது இங்கே செல்லாது.

2. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கமான கணக்கு இதுதான்: ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வாரம் 1 மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது 2 மணி நேர உழைப்பு. 3 கிரெடிட் வகுப்பு என்றால் வாரம் 9 மணி நேரம். அதே வகுப்பை 15 வாரத்துக்குப் பதிலாக 8 வாரத்தில் முடிப்பதாக இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். முழுநேர வேலையோடு முதல் முறையாக ஆன்லைனில் படிப்பவர் என்றால், குறுகிய வகுப்பை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எழுத்துக்கு ஆறப்போட நேரம் வேண்டும்.

3. கேள்வியில் உள்ள வினைச்சொல்லைப் பிடியுங்கள்

சுருக்கு, பகுப்பாய்வு செய், ஒப்பிடு, வாதிடு. நான்கும் நான்கு வேலைகள். ஒரு கட்டுரையைப் படித்து அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று எழுதினால் அது சுருக்கம். அதை எழுதியவர் எப்படிச் சொல்கிறார், ஏன் அந்த உதாரணத்தை அந்த இடத்தில் வைத்தார், அது வாசகரை என்ன செய்கிறது என்று எழுதினால்தான் பகுப்பாய்வு. பகுப்பாய்வு கேட்ட இடத்தில் சுருக்கம் எழுதிக் கொடுப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, எவ்வளவு அழகாக எழுதினாலும் மதிப்பெண் ஏறாது. மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று சொல்லும் ரூப்ரிக் அட்டவணை கொடுத்திருந்தால், எழுதத் தொடங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

4. மறுக்கக்கூடிய ஒரு மையக்கருத்து

"கைபேசியால் மாணவர்களுக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு." இதை யார் மறுக்கப்போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத இடத்தில் கட்டுரைக்கும் வேலையில்லை. அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: "வகுப்பில் கைபேசியை முழுவதும் தடை செய்வதைவிட, எப்போது எடுக்கலாம் என்ற விதியை மாணவர்களே சேர்ந்து வகுத்தால் அது நீடிக்கும், ஏனென்றால் தாங்கள் ஒப்புக்கொண்ட விதியை மீற அவர்கள் தயங்குவார்கள்." இப்போது ஒருவர் "இல்லை, அப்படி நடக்காது" என்று சொல்ல முடியும். அவருக்குப் பதில் சொல்வதுதான் அடுத்த நான்கைந்து பத்திகளின் வேலை. எழுத எழுத இந்த வாக்கியம் மாறும், மாறட்டும், டிராஃப்ட் முடிந்ததும் திரும்பிப் போய்ச் சரி செய்துகொள்ளலாம்.

5. டிராஃப்ட், அப்புறம் தலைகீழ்ச் சட்டகம்

முதல் டிராஃப்டைப் பிழை திருத்தாமல் கடைசிவரை எழுதி, ஒரு நாள் தொடாமல் வையுங்கள். மறுநாள் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது சொல்வதை ஒரே வரியில் குறியுங்கள், எழுதி முடித்த பிறகு போடும் இந்தச் சட்டகம்தான் தலைகீழ்ச் சட்டகம். இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் ஒன்று வேண்டாதது. ஒரு பத்திக்கு வரியே எழுத வரவில்லை என்றால் அதில் இன்னும் கருத்து இல்லை. எனக்குத் தெரிந்து புதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி கிடையாது. பிறகு சத்தமாக வாசியுங்கள், நாக்கு தடுமாறும் இடத்தில்தான் வாக்கியமும் தடுமாறியிருக்கும்.

6. சக மாணவர் டிராஃப்டுக்குக் கருத்து

"நன்றாக இருக்கிறது" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். "இரண்டாவது பத்தியில் சொன்ன காரணம் புரிந்தது, மூன்றாவதிலும் அதுவே வேறு சொற்களில் வருகிறதோ?" என்று இடத்தைச் சுட்டி எழுதுங்கள். அடுத்தவர் எழுத்தில் இப்படித் தேடிப் பழகிய கண் உங்கள் எழுத்திலும் தேடும்.

7. மேற்கோள்

எம்எல்ஏ (MLA), ஏபிஏ (APA) என்பவை மேற்கோள் காட்டும் இரண்டு முறைகள்: எம்எல்ஏ முறையில் எழுதியவர் பெயரும் பக்க எண்ணும், ஏபிஏ முறையில் எழுதியவர் பெயரும் ஆண்டும். எந்த முறை என்று சிலபஸ் சொல்லும். ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு 2019இலும் எம்எல்ஏ கையேட்டின் 9ஆம் பதிப்பு 2021இலும் வந்தன, பழைய கையேட்டைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். குறிப்பெடுக்கும்போதே அடுத்தவர் சொற்களுக்கு மேற்கோள்குறி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். கட்டுரையை வேறு எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் (Turnitin) மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஒத்துப்போகும் சொற்களின் அளவுதான், முறையாக மேற்கோள் காட்டிய வரிகளும் அதில் சேரலாம்.

சமர்ப்பித்ததும், ஏற்றிய கோப்பை ஒரு முறை திறந்து பாருங்கள். பழைய டிராஃப்டை ஏற்றியவர்கள் நிறைய.

8. மதிப்பெண்ணுக்கு முன் கருத்தைத் திறங்கள்

என் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். ஆசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் வேறு ஒரு பக்கத்தில் திறக்கும் என்பதே இரண்டாவது கட்டுரையும் வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டிலும் ஒரே குறிப்பு: "ஆதாரத்தைத் தருகிறீர்கள், அது எதை நிரூபிக்கிறது என்று சொல்லாமல் அடுத்ததற்குப் போகிறீர்கள்." முதல் முறையே படித்திருந்தால் இரண்டாவது கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் ஒரு கோப்பு தொடங்குங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் வந்த குறிப்புகளை உங்கள் சொற்களில் அதில் எழுதி, திரும்பத் திரும்ப வருவதை மேலே வையுங்கள். புரியாத குறிப்பு இருந்தால் ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் வீடியோவில் கேளுங்கள், அதுவும் "எப்படி மேம்படுத்தலாம்?" என்று பொதுவாகக் கேட்காமல், "நான்காவது பத்தியில் இந்த ஆதாரத்துக்குப் பிறகு என்ன விளக்கம் எதிர்பார்த்தீர்கள்?" என்று பத்தியைத் திரையில் காட்டிக் கேளுங்கள். அடுத்த டிராஃப்டை அனுப்பும் முன் அந்தக் கோப்பின் முதல் மூன்று வரிகளை எடுத்து, ஒவ்வொன்றாகக் கட்டுரையில் தேடிப் பாருங்கள்.