நெஞ்செலும்பு வலியும் உள்ளங்கைக் கொப்புளமும்: என் அனுபவம்

கழுத்துக்குக் கீழே குறுக்கே இருக்கும் காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் எனக்கு வீக்கம். தொட்டால் சூடாக இருக்கும். படுக்கையில் புரண்டாலே உயிர் போகிற வலி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் நிறச் சீழ்க் கொப்புளங்கள் வந்து, பழுப்பாகக் காய்ந்து, தோல் உரியும். வலிக்கு ஒரு மருத்துவர், தோலுக்கு ஒரு மருத்துவர். எலும்பில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை.

வாதநோய் மருத்துவர்தான் "கையைக் காட்டுங்க" என்றார். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. எலும்பு ஸ்கேனில் இரண்டு காறை எலும்பின் முனைகளும் நெஞ்செலும்பின் மேற்பகுதியும் சேர்ந்து காளைத் தலை போலத் தெரிந்தன. இந்த நோய்க்கே உரிய அடையாளம் அது. நோயின் பெயர் சாஃபோ (SAPHO) சிண்ட்ரோம். எலும்பிலும் மூட்டிலும் அழற்சி, கூடவே தோலில் சீழ்க் கொப்புளமோ கடுமையான பருவோ வரும் நோய். 1987-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வைத்த பெயர். கொப்புளத்தில் சீழ் இருந்தாலும் கிருமி கிடையாது, அதனால் யாருக்கும் ஒட்டாது. இதை வீட்டில் எல்லோருக்கும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரை. பாதிதான் கேட்டது. அப்புறம் எலும்பு கரைவதைக் குறைக்கும் பாமிட்ரோனேட் என்ற மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். தாடை எலும்பைப் பாதிக்கலாம் என்பதால் முன்கூட்டியே பல்லைப் பார்த்தார்கள். சிறுநீரகப் பரிசோதனையும் உண்டு. அன்று இரவு காய்ச்சல் அடித்தது. போகப்போக வலி நன்றாக இறங்கியது. தோலுக்கு ஸ்டீராய்டு களிம்பு தொடர்கிறது. புகைப்பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டே ஆக வேண்டும், இந்தக் கொப்புளத்துக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மருந்து ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் நெஞ்செலும்பு வலியோடு இப்படிக் கொப்புளமோ கடுமையான பருவோ இருந்தால், இரண்டையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.