கர்ப்ப காலத்தில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஐந்தாறு மாதம் ஆனதும் சிலருக்கு முழங்காலுக்குப் பின்னால் நீலமாக, புழு நெளிந்த மாதிரி புடைத்து நிற்கும். சாயங்காலம் ஆனால் கால் கனக்கும், கடுக்கும். நரம்பு சுருட்டல் என்கிறோம். உண்மையில் அது நரம்பே இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிரையைத் தளர்த்துகிறது. கருப்பையும் மேலிருந்து அழுத்துவதால் ரத்தம் காலிலேயே தேங்குகிறது.

முதல் வேலை, ஆடுசதையை அசைப்பது. அது சுருங்கி விரியும்போதுதான் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. உட்கார்ந்திருந்தால் மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழுமாக 20 தடவை ஆட்டுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். டாக்டர் ஓய்வு சொல்லாதவரை தினமும் நடங்கள்.

அடுத்து, படுக்கும் விதம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, கால்களுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். கீழுடலின் ரத்தத்தைச் சுமக்கும் பெரிய சிரை முதுகெலும்புக்கு வலப்பக்கம் ஓடுகிறது. இடப்பக்கம் படுத்தால் அதன்மேல் வயிற்றின் பாரம் குறையும்.

மூன்றாவது, அழுத்தக் காலுறை, அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ். நிறைய பேர் வாங்கிவிட்டு, பலன் இல்லை என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். வீங்கிய பிறகு போட்டால் எப்படிப் பலன் கிடைக்கும்? காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும், இரவு கழற்ற வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதை டாக்டர் சொல்லட்டும். அளவும் காலையில்தான் எடுக்க வேண்டும். வயிறு பெரிதானபின் குனிய முடியாது, வீட்டில் யாராவது மாட்டிவிடட்டும்.

அப்புறம், மலச்சிக்கல் வரவிடாதீர்கள். முக்கினால் சிரைகளில் அழுத்தம் ஏறும். அக்கறையாக எண்ணெய் தேய்த்து விடுகிறேன் என்று வீட்டில் யார் வந்தாலும், புடைத்த இடத்தை அழுத்தி நீவ விடாதீர்கள்.

பெரும்பாலும் பிரசவம் ஆன மூன்று நான்கு மாதத்தில் இது வற்றிவிடும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டு, ஆடுசதை வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள். பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை இந்த அபாயம் அதிகம் உண்டு. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.