பழைய காருக்கு டிக்கி பட்டன்: வேலை லாக்கிலிருந்து தொடங்கட்டும்

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பட்டன், அழுத்தினால் டிக்கி திறக்க வேண்டும். மின் வேலை எளிது, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நேரம் தின்பது லாக்தான். நாற்பது வருடத் தூசியும் கிரீஸும் இறுகிப்போன லாக்கில் எவ்வளவு பெரிய சாலினாய்டைப் (கரண்ட் கொடுத்தால் தண்டை உள்ளே இழுக்கும் மின்காந்தச் சுருள்) பூட்டினாலும் ‘டக்’ என்று சத்தம்தான் வரும், மூடி அசையாது.

2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்ற அம்பாசடரிலிருந்து பத்மினி, கான்டெஸா வரை எதை எடுத்தாலும் பல கை மாறிய வண்டிகள். லாக்கே ஒருமுறை மாற்றப்பட்டிருக்கலாம். அதனால் மாடல் பெயரை நம்பாமல் உங்கள் வண்டியில் இருப்பதைப் பாருங்கள். லாக் மூடியில் இருக்கிறதா, பாடியில் இருக்கிறதா? பாடியில் இருந்தால் அதிர்ஷ்டம், அசையும் மூடிக்கு ஒயர் இழுக்க வேண்டியதில்லை. அடுத்து, சாவியைத் திருப்பும்போது உள்ளே எந்த நாக்கு, எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 8 முதல் 15 மி.மீ. இருக்கும்.

லாக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, காய்ந்ததும் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், அது தூசியைப் பிடித்து மறுபடி இறுகும். மூடியின் பீடிங் (ஓரத்து ரப்பர்) புதிதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: அது மூடியை மேலே தள்ளுவதால் லாக்கின் நாக்கு எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், இழுக்கக் கூடுதல் பலம் கேட்கும்.

அந்தப் பலத்தை அளக்க லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். பின்சீட்டின் சாய்மானத்தைக் கழற்றி, லாக் நாக்கில் ஒரு சைக்கிள் பிரேக் ஒயரைக் கட்டி, அதன் முனையை வண்டிக்குள் கொண்டுவாருங்கள். மூடியைச் சாத்திவிட்டு, தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது அளந்த எடைக்கு மதிப்பில்லை. சாத்தியபின் அது இரண்டு மடங்கு ஆவதும் உண்டு. இந்த ஒயரைக் கழற்றி எறிய வேண்டாம், அதன் வேலை இன்னும் முடியவில்லை.

2 கிலோவுக்குள் வந்தால் கதவுகளுக்குப் போடும் சென்ட்ரல் லாக் மோட்டார் போதும். அதன் இழுவிசை சுமார் 3 முதல் 4 கிலோ, நகர்வு 20 மி.மீ. அளவில். இரண்டு ஒயர் உள்ளதை வாங்குங்கள், ஐந்து ஒயர் உள்ளது டிரைவர் கதவுக்கானது. 2 கிலோவைத் தாண்டினால் டிக்கிக்கென்றே விற்கும் சாலினாய்டு. அளந்த எடையைப் போல் இரண்டு மடங்கு இழுப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஒரு நொடிக்கு 15, 20 ஆம்பியர் குடிக்கும். ஒயரையும் அதற்கேற்பப் போட வேண்டும்.

சாலினாய்டுக்கு ஒரு குணம் உண்டு. தண்டு முழுதும் வெளியே நீண்டிருக்கும்போது இழுப்பு குறைவு, உள்ளே போகப் போகத்தான் வலு ஏறும். எனவே தண்டுக்கும் லாக் நாக்குக்கும் நடுவே உள்ள இணைப்பை விறைப்பாக வைக்காமல் 3 முதல் 5 மி.மீ. தளர்வு விடுங்கள். தண்டு அந்த இடைவெளியில் வேகம் பிடித்து, பிறகு நாக்கைச் சுண்டி இழுக்கும். தளர்வு இருந்தால் லாக்கும் முழுதாக விழும், சாவியால் திறக்கும்போது மோட்டாரையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்காது. கம்பியைவிட பிரேக் ஒயரும் திருகு நிப்பிளும் நல்லது. கம்பி தள்ளவும் செய்யும். ஒயர் இழுக்க மட்டும்தான் செய்யும்.

பிராக்கெட்டுக்கு 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டை. தகரத்தில் செய்தால் லாக்குக்குப் பதில் பிராக்கெட் வளையும். முடிந்தவரை லாக்கின் பழைய போல்ட்களையே பயன்படுத்திப் பொருத்துங்கள். மூடியில் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் டிரில் பிட்டின் முனையிலிருந்து 8 மி.மீ. விட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், வெளித்தகட்டில் பரு எழும்பினால் பெயின்டர் செலவு. பல பழைய வண்டிகளில் பெட்ரோல் டேங்க் டிக்கி தரையை ஒட்டியே இருக்கும். தரையில் டிரில் வைக்கும் முன் கீழே படுத்து ஒருமுறை பாருங்கள். இழுப்பு நேர்கோட்டில் அமைய வேண்டும். தண்டு சாய்வாக உரசினால் பாதிப் பலம் உரசலிலேயே போய்விடும்.

இனி ஒயரிங். முதலில் பேட்டரியின் எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். டைனமோ வைத்த பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பாசிட்டிவ் பாடியில் இருக்கலாம். சாலினாய்டுக்கும் சாதாரண ரிலேவுக்கும் (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) அது பொருட்டல்ல. ரிமோட் பெட்டி வைத்தால் எரிந்துபோகும்.

பேட்டரியின் கரண்ட் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ்: மோட்டாருக்கு 10 ஆம்பியர், சாலினாய்டுக்கு 20. அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு. 87-லிருந்து சாலினாய்டுக்கு. 86-க்கு இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட். நிறுத்திய வண்டியில் குழந்தைகள் பட்டனை அழுத்தினாலும் திறக்காது. 85-லிருந்து பட்டனுக்கு, பட்டனிலிருந்து பாடிக்கு. ரிலேயை டிக்கியில் வைப்பவர்கள் உண்டு. முன்னால் வைப்பதே மேல்: கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் நீள ஒயரில் பட்டனை அழுத்தும் அந்த நொடி தவிர கரண்ட் இருக்காது, எங்காவது உரசினாலும் ஆபத்து குறைவு.

அந்த நீள ஒயர் 2.5 சதுர மி.மீ. ஆட்டோ ஒயராக இருக்கட்டும். நாலரை மீட்டர் நீளத்தில் 20 ஆம்பியர் ஓடும்போது இதில் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள். 1 சதுர மி.மீ. போட்டால் 1.6 வோல்ட் வழியிலேயே போகும். பட்டனுக்கு மெல்லிய ஒயர் போதும். பட்டன் காலிங் பெல் மாதிரி, விட்டதும் திரும்புவதாக இருக்க வேண்டும். ஆன் செய்தால் அப்படியே நிற்கும் சுவிட்சைப் போட்டு மறந்தால் சாலினாய்டின் கம்பிச்சுருள் புகைந்துவிடும், அது ஒரு நொடி வேலைக்குத்தான் செய்யப்பட்டது.

லாக் மூடியில் இருந்தால் நம்பர் பிளேட் விளக்கின் ஒயர் போகும் வழியிலேயே, கீல் அருகே ஒரு வளையம் தளர்வு விட்டுக் கொண்டுபோங்கள். துளையில் ரப்பர் கிராமெட் (ஒயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம். எர்த்தைக் கீல் வழியாக எதிர்பார்க்காதீர்கள், பெயின்டும் துருவும் குறுக்கே நிற்கும். தனி ஒயர் இழுத்து, பாடியில் பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். சாலினாய்டின் இரு முனைக்குக் குறுக்கே ஒரு 1என்5408 டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு), வெள்ளைக்கோடு பாசிட்டிவ் பக்கம். இதனால் ரிலேயின் முனைகள் தீய்ந்துபோகாது.

சோதனைக்கு மூடியைச் சாத்த வேண்டாம். திறந்தபடியே ஸ்க்ரூடிரைவரால் லாக்கை மூடிய நிலைக்குத் தள்ளி, பட்டனை அழுத்துங்கள். இருபது தடவை தவறாமல் விடுபட்டபின் சாத்திப் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, இக்னிஷன் சாவியை மட்டும் ஆனில் வைத்து, இன்ஜின் ஓடாமலும் செய்யுங்கள். 14 வோல்ட்டில் திறப்பது 12-ல் மக்கர் செய்யலாம்.

முதல் தடவை திறந்து, இரண்டாம் தடவை திறக்காவிட்டால், சென்ட்ரல் லாக் மோட்டாரின் தண்டு உள்ளேயே நின்றுவிட்டது என்று பொருள். ஒரு திசையில்தான் கரண்ட் கொடுக்கிறோம், வெளியே தள்ள ஆளில்லை. மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை எதிர்ப்பக்கம் மாட்டினால் சரி. தண்டு முதலிலேயே தப்பான பக்கம் நகர்ந்தால் இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுங்கள்.

ரிலே ‘டிக்’ என்கிறது, சாலினாய்டு சும்மா இருக்கிறதா? ஒருவர் பட்டனை அழுத்த, மற்றவர் சாலினாய்டின் இரு முனையிலும் மீட்டர் வைக்கட்டும். 10.5 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் குற்றம் எர்த்திலோ, ஒயர் முனையை நசுக்கிப் பூட்டிய கிரிம்ப்பிலோ. சாலினாய்டு இழுத்தும் மூடி எழவில்லை என்றால், பட்டனை அழுத்தும்போதே மூடியை உள்ளங்கையால் கீழே அமுக்கிப் பாருங்கள். அப்போது திறந்தால் லாக் விழும் கொக்கியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி வைக்க வேண்டும்: கொக்கி பாடியில் இருந்தால் மேலே, மூடியில் இருந்தால் கீழே. லாக் விட்டும் மூடி திரும்ப மாட்டிக்கொண்டால் அதை எழுப்ப ஏதுமில்லை என்று பொருள்; ரப்பர் பஃபரை உயர்த்துங்கள், அல்லது ஓரத்தில் ஒரு சுருள் ஸ்பிரிங் வையுங்கள். 15 மி.மீ. எழுந்தால் போதும்.

எடை பார்க்க இழுத்த அந்த பிரேக் ஒயரை இப்போது பின்சீட்டுக்குப் பின்னால், கை எட்டும் இடத்தில், வளையம் போட்டு மறைத்துக் கட்டிவையுங்கள். பேட்டரி இறங்கி, சாவியும் கைகொடுக்காத நாளில் டிக்கியைத் திறக்க அதுதான் வழி. வெளிக்கைப்பிடியையும் சாவித் துளையையும் எடுத்துவிட்டு மூடியை வழவழப்பாக்கப் போகிறீர்கள் என்றால், அந்த ஒயரைக் கட்டி, பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்து, அதை இழுத்தே ஒருமுறை திறந்து பார்த்த பிறகு பட்டி பூசுபவரிடம் வண்டியைக் கொடுங்கள்.